மறைபசியும் பள்ளிச் சிற்றுண்டியும்

நுழையும்முன்...

வயிறு நிறைந்தவரைப் பசியற்றவர் என்று கருதுவது வழக்கம். வயிறு நிறைந்த பின்னும் உடல் பசித்திருக்கக்கூடும் என்பதை அறிவியல் கண்டறிந்து ஒரு நூற்றாண்டுக் காலமே ஆகிறது. அக்கண்டறிதலின் ஒரு முதன்மையான பகுதி தமிழகத்தின் நீலமலையில் நிகழ்ந்தது. குழந்தைகளின் கண்ணொளியையும் குருதியின் நிறத்தையும் காக்க, பள்ளியில் வழங்கும் ஒரு பிடி சிற்றுண்டியால் இயலுமா? இவ்வினாவிற்கான விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வயிறு அறியாத பசி

நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கு அருகில், அருவங்காட்டை அடுத்து அமைந்துள்ள மலையூர் ஜெகதளா. படுகர் இன மக்களின் பழமையான ஊர்களுள் ஒன்று அது. இவ்வூரைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளமாய்ப் படர்ந்துள்ளன. நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பீன்ஸ் ஆகியவை விளைகின்றன. விடியுமுன்னே மூட்டைகளாகக் கட்டப்படும் இக்காய்கள் மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்கிச் செல்கின்றன; அங்கிருந்து சமவெளியின் ஊர்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் பயணப்படுகின்றன.

காய்கறி விளையும் மண்ணில் வாழும் குழந்தை, அக்காய்கறியின் சத்தைப் பெற்றிருக்கும் என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். ஆனால், விளைவது வேறு. தட்டில் விழுவது வேறு. விற்பனைக்கு விளைவிக்கப்படும் பொருள் பணமாகிறது; அப்பணம் அரிசியாகவும் எண்ணெயாகவும் கடைத் தின்பண்டமாகவும் வீடு திரும்புகிறது. சோறு மிகுதியாகவும் கீரை, காய், பருப்பு, பால், முட்டை ஆகியவை குறைவாகவும் உள்ள உணவு வயிற்றை நிரப்பும். உடலின் நுண்ணிய தேவைகளை நிரப்பாது. வைட்டமின்களும் இரும்பு, அயோடின், துத்தநாகம் போன்ற தாதுக்களும் மிகச் சிறிய அளவில் நமக்குத் தேவைப்படுகின்றன. இவை குறைவதால் உண்டாகும் நிலையே மறைபசி எனப்படுகிறது.

மறைபசிக்கு வயிற்றில் ஓசை இல்லை. அது குழந்தையின் கடைவாய்ப் புண்ணாகவும், அந்தி நேரத்தில் தடுமாறும் பார்வையாகவும், வெளிறிய நகமாகவும், வகுப்பறையில் நிலைகொள்ளாத கவனமாகவும் வெளிப்படும். 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் நடைபெற்ற விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, குழந்தைகளின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்து இந்நிலையைக் கணக்கிட்டது. 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வைட்டமின் ஏ குறைபாடும், 28 விழுக்காட்டினர் ஃபோலேட் குறைபாடும், 17 விழுக்காட்டினர் வைட்டமின் பி12 குறைபாடும் உடையவர்கள் என்பதை அவ்வாய்வு வெளிப்படுத்தியது. ஐவருள் ஒரு குழந்தைக்கு மேல் வைட்டமின் ஏ பற்றாக்குறையோடு பள்ளிக்கு வருகிறது என்பதே இதன் பொருள்.

குன்னூர் மலையில் ஓர் ஆய்வுக்கூடம்

ஜெகதளாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்னூரில் 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாய்க்கடியால் வரும் வெறிநோய்க்கு மருந்து வழங்குவது அதன் முதன்மைப் பணி. 1918ஆம் ஆண்டில், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் அந்நிறுவனத்தில் சிறியதோர் இடத்தில் 'பெரிபெரி' நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். கால்கள் மரத்து, இதயம் தளர்ந்து, உயிரையே பறிக்கும் அந்நோயின் காரணத்தை அவர் நோய்க்கிருமியில் தேடவில்லை, உணவில் தேடினார்.

சிக்கன நடவடிக்கையால் 1923இல் நிறுத்தப்பட்ட அவ்வாய்வு, 1925இல் குறைபாட்டு நோய்கள் பற்றிய ஆய்வாக மீண்டும் உயிர்பெற்றது. பின்னர் அதுவே ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என வளர்ந்தது. அந்நிறுவனம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. இந்தியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு சத்து தேவை என்று இன்று நாடு முழுவதற்கும் வரையறுக்கும் அந்நிறுவனத்தின் வேர், குன்னூர் மலையில் ஊன்றப்பட்டது.

மெக்காரிசனின் ஆய்வுகளுள் உலகின் கவனத்தை ஈர்த்தது, எலிகளைக் கொண்டு அவர் செய்த ஒப்பீடு. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனி எலிக்கூட்டங்களுக்கு அவர் வழங்கினார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை அடங்கிய பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் மிகக் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. குறை அம்மக்களின் உடலமைப்பில் இல்லை, அவர்கள் தட்டில் உள்ளது என்பதை இவ்வாய்வு எடுத்துக்காட்டியது. குறை தட்டில் இருப்பின், அதனைத் தட்டிலேயே தீர்க்கவும் இயலும் அல்லவா?

*தெரிந்து தெளிவோம்*

*இலூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கருவுற்ற பெண்களைத் தாக்கிய ஒருவகை இரத்தசோகையை ஆராய 1928ஆம் ஆண்டு இந்தியா வந்தார். மும்பையிலும் குன்னூரிலும் ஆய்வு செய்த அவர், ஈஸ்ட் சாற்றிலிருந்து தயாரிக்கப்படும் மலிவான உணவுப் பசை ஒன்று அந்நோயைக் குணப்படுத்துவதைக் கண்டார். அதிலிருந்த சத்து, பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது.*

புழுங்கல் அரிசி புகட்டிய பாடம்

செறிவூட்டல் என்பது, உணவில் இயல்பாகக் குறைந்துள்ள அல்லது பதப்படுத்தும்போது இழந்துவிட்ட சத்தினை அவ்வுணவிலேயே சேர்ப்பதாகும். இஃது இக்கால ஆலைகளின் கண்டுபிடிப்பு என்று எண்ணத் தோன்றும். ஆனால், நம் முன்னோர் பெயரிடாமலே இதற்கு ஒப்பான ஒரு செயலைச் செய்துவந்தனர். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்துவதே அச்செயல்.

நெல்லின் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் வைட்டமின் பி1 மிகுந்துள்ளது. பச்சரிசியை ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு அச்சத்தும் வெளியேறிவிடுகிறது. நெல்லை அவிக்கும்போதோ, நீரில் கரையும் இச்சத்து நீராவியோடு அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவித் தங்குகிறது. அதன்பின் தீட்டினாலும் பெரும்பகுதி எஞ்சி நிற்கிறது. தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவியிருந்தது. புழுங்கல் அரிசியை உண்ட தமிழ் மாவட்டங்கள் அதன் பிடியிலிருந்து பெரிதும் தப்பின. குன்னூர் ஆய்வுக்கூடம் அரிசியைப் பற்றிச் செய்த நெடிய ஆய்வுகள் இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்கின. அரிசியைப் பலமுறை கழுவுவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எஞ்சிய சத்தும் வீணாவதை அவை சுட்டிக்காட்டின.

இதிலிருந்து நாம் பெறும் உண்மைகள் இரண்டு. மக்கள் நாள்தோறும் உண்ணும் பொருளிலேயே சத்தை வைத்தால், எவரும் தம் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. மேலும், சத்தினைச் சேர்க்கும் முன் இருக்கும் சத்தினை இழக்காமல் காப்பது முதற்கடமை.

விடுதிக் குழந்தைகளும் ஒரு குவளைப் பாலும்

மெக்காரிசனுக்குப் பின் 1935இல் வாலஸ் அய்க்ராய்டு குன்னூர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆனார். அவர் எலிக்கூண்டிலிருந்து பள்ளிக்கூடத்திற்கு ஆய்வை எடுத்துச் சென்றார். கே. இராஜகோபாலுடன் இணைந்து தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளின் ஊட்டநிலையை ஆராய்ந்து 1936இல் வெளியிட்டார். கண்ணின் வெண்பகுதியில் தோன்றும் நுரைபோன்ற புள்ளிகள், தேரையின் முதுகைப்போல் சொரசொரப்பாகும் தோல், வெடித்துப் புண்ணாகும் கடைவாய் ஆகியவற்றை அவ்வாய்வாளர்கள் குழந்தைகளிடம் தேடிப் பதிந்தனர். அவை தனித்தனி நோய்கள் அல்ல. குறைந்த உணவு உடலில் எழுதிய குறிப்புகள்.

அடுத்து, பி. ஜி. கிருஷ்ணனுடன் இணைந்து, விடுதிகளில் தங்கிப் பயிலும் குழந்தைகளுக்கு வழக்கமான உணவோடு ஆடை நீக்கிய பாலைப் பொடியிலிருந்து கரைத்து நாள்தோறும் வழங்கும் ஆய்வை மேற்கொண்டார். பால் பெற்ற குழந்தைகள், பெறாத குழந்தைகளைவிட உயரத்திலும் எடையிலும் விரைந்து வளர்ந்தனர். அவர்களின் உடல்நலமும் மேம்பட்டது. விடுதியின் சமையல் முழுவதையும் மாற்றாமல், ஒரு சிறு துணையுணவால் இம்மாற்றம் நிகழ்ந்தது. பள்ளியில் தரும் சிற்றுணவு ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் திருப்பக்கூடும் என்பதற்குத் தென்னிந்தியாவில் கிடைத்த தொடக்ககாலச் சான்றுகளுள் இஃது ஒன்று.

எனினும், ஆடை நீக்கிய பால் எல்லாக் குறையையும் நீக்காது. அதில் புரதமும் கால்சியமும் வைட்டமின் பி2வும் உள்ளன. கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ, நீக்கப்பட்ட ஆடையோடு போய்விடுகிறது. முதல் உலகப்போரின்போது டென்மார்க் நாடு தன் வெண்ணெயைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. ஆடை நீக்கிய பாலையும் செயற்கை வெண்ணெயையும் உண்டு வளர்ந்த ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கண் வறண்டு பார்வை மங்கியது. போர்க்காலக் கட்டுப்பாட்டால் வெண்ணெய் உள்நாட்டிலேயே பங்கிட்டு வழங்கப்பட்டபோது அந்நோய் தணிந்தது. பால் வளம் மிக்க நாட்டிலேயே குழந்தைகள் பார்வை இழந்த இந்நிகழ்வு, கேரட் விளையும் மலைக்கும் பொருந்தும் பாடமாகும். எந்தச் சத்து குறைகிறது என்று அறிந்து அதற்குரிய உணவைத் தேர்வதே துணையுணவுத் திட்டத்தின் முதற்படி.

அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுப்பொருள்களின் சத்தளவைப் பட்டியலிட்டுச் சிறுநூலாக வெளியிட்டார். மலிவான பொருள்களைக் கொண்டு நிறைவான உணவைத் திட்டமிடும் வழிகளும் அதில் இடம்பெற்றன. சேலத்தில் பிறந்து, குன்னூரில் ஆய்வைத் தொடங்கி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்த சி. கோபாலன் முதலானோர் அப்பட்டியலை விரிவாக்கினர்.

திருச்சிராப்பள்ளி தந்த சான்று

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின் விழி வறளும். முற்றிய நிலையில் கருவிழி உருகிப் பார்வை நிலையாக அழியும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றுவதால் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் குழந்தையின் உயிருக்கே தீங்கு விளைவிக்கும். இக்கொடுமையைத் தடுக்க, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளின் அடிப்படையில் 1970ஆம் ஆண்டு முதல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை செறிந்த வைட்டமின் ஏ திரவம் வழங்கும் திட்டம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

ஆறு திங்களுக்கு ஒருமுறை பேரளவாகத் தருவது ஒரு வழி. சிறிதளவாக அடிக்கடி தருவது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியின் ஆற்றலைத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் உலகிற்குக் காட்டியது. மருத்துவர் இலட்சுமி ரகமத்துல்லாவும் அவர்தம் குழுவினரும் 15,419 சிறு குழந்தைகளைக் கொண்டு ஓராண்டுக்காலம் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ வழங்கப்பட்டது, மற்றவர்களுக்கு வழங்கப்படவில்லை. 1990இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது.

இங்கு நாம் கருதவேண்டியது, கொடுக்கப்பட்ட அளவாகும். அவ்வளவு சத்தினை உணவின் வழியாகவும் பெற இயலும். மருத்துவர் கையில் உள்ள மருந்துப் புட்டி செய்வதைச் சமையல்காரர் கையில் உள்ள கரண்டியும் செய்யக்கூடும் என்னும் நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது.

முறுக்கு, அல்வா, பிஸ்கட்

அந்நம்பிக்கையை ஆராய்வதற்கு ஏற்ற களம் பள்ளி. குழந்தைகள் நாள்தோறும் ஓரிடத்தில் கூடுகின்றனர். வழங்குவதற்கு ஆசிரியர் உள்ளார். சிற்றுண்டியை மறுக்கும் குழந்தை அரிது.

1990களில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செம்பனை எண்ணெயைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். தூய்மையாக்கும்போது நிறம் நீக்கப்படாத இவ்வெண்ணெயில் பீட்டா கரோட்டின் மிகுதி. நம் உடல் இதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அவ்வெண்ணெயில் ரவை அல்வாவும் முறுக்கும் செய்து, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் வழங்கினர். அவர்களின் இரத்தத்தில் வைட்டமின் ஏ அளவு உயர்ந்தது. அவ்வுயர்வு, வைட்டமின் ஏ சத்தை நேரடியாகப் பெற்ற குழந்தைகளின் உயர்வுக்கு நிகராக இருந்தது. பாட்டி சுடும் முறுக்கு ஒரு மருந்தின் பணியைச் செய்தது.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் பகுதியில் 6 முதல் 11 வயது வரையுள்ள பள்ளிக் குழந்தைகளுக்கு இரும்பு, அயோடின், பீட்டா கரோட்டின் ஆகியவை சேர்த்த பிஸ்கட் ஓராண்டு வழங்கப்பட்டது. 1999இல் வெளியான அதன் முடிவும் ஊக்கம் அளித்தது. மூன்று சத்துகளின் நிலையும் குழந்தைகளிடம் மேம்பட்டிருந்தது. ஆயினும், ஆய்வாளர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் அக்குழந்தைகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். நீண்ட விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்தபோது, உயர்ந்திருந்த வைட்டமின் ஏ அளவு மீண்டும் பழைய நிலைக்குத் தாழ்ந்திருந்தது. பள்ளி மூடினால் பிஸ்கட் இல்லை. பிஸ்கட் இல்லையேல் சத்தும் இல்லை. வீட்டு உணவு மாறவில்லை என்பதே இதற்குக் காரணம்.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கினால் பள்ளிச் சிற்றுண்டியின் வலிமையும் எல்லையும் ஒருங்கே விளங்கும். அது குறையை நிரப்பவல்லது. ஆனால், நிரப்பிய நிலையைத் தனித்து நின்று காக்கவல்லது அன்று.

தமிழகத்தின் பள்ளித் தட்டு

பள்ளியில் உணவு வழங்குவதில் தமிழகத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் சிற்றுணவு வழங்கத் தொடங்கியது. அப்போது மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். 1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் தழுவியதாக்கினார். 1982 சூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலினால் தொடங்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாருடன் காலையில் குழந்தைகளின் தட்டுக்கு வந்தன.

இவ்வரலாற்றில் ஒரு வளர்ச்சி புலப்படுகிறது. முதலில் பசியைப் போக்குவதே நோக்கமாக இருந்தது. பின்னர், முட்டையும் பயறும் கொண்டைக்கடலையும் இடம்பெற்றன. அதன்பின், சமையலுக்கான பொருள்களிலேயே நுண்சத்து சேர்க்கப்பட்டது. அயோடினோடு இரும்பும் சேர்ந்த இருசத்து உப்பு, வைட்டமின் ஏ, டி சேர்ந்த எண்ணெய், இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்ந்த செறிவூட்டப்பட்ட அரிசி ஆகியவை அத்தகையவை.

செறிவூட்டப்பட்ட அரிசி பற்றிய ஓர் ஐயத்தை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். அரிசி மாவில் சத்துகளைக் கலந்து, மீண்டும் அரிசி வடிவில் வார்த்து எடுக்கின்றனர். அவ்வாறு செய்த மணிகளை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் இயல்பான அரிசியோடு கலக்கின்றனர். நிறத்திலோ மிதப்பதிலோ சிறிது வேறுபடும் அம்மணிகளைக் கண்டு, 'பிளாஸ்டிக் அரிசி' என்று அஞ்சிப் பொறுக்கி எறிவோர் உளர். எறியப்படுவது பிளாஸ்டிக் அன்று; குழந்தைக்கென வைத்த சத்து. மக்களுக்கு விளக்காமல் செயற்படுத்தப்படும் நல்ல திட்டமும் முறத்திலேயே முடிந்துவிடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மலைக்கு ஏற்ற கவனம்

எங்கும் ஒரே மருந்து பொருந்தாதவாறு, எங்கும் ஒரே செறிவூட்டலும் பொருந்தாது. நீலகிரியில் இருவகைக் கவனம் இன்றியமையாதது.

ஒன்று, இரும்புச்சத்து பற்றியது. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் மரபுவழி இரத்தசோகை, இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டறிந்து கூறப்பட்டது. இந்நோய் இரும்புக் குறைவால் வருவது அன்று. ஆதலால், 2018ஆம் ஆண்டின் செறிவூட்டல் விதிகள், இரும்பு சேர்த்த உணவின் உறையில் இத்தகைய நோயாளர்க்கான எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்றன. உணவில் சேரும் சிறிய அளவு தீங்கு செய்யுமா, அவ்வெச்சரிக்கை தேவைதானா என்னும் வினாக்கள் பின்னர் வல்லுநரிடையே விவாதிக்கப்பட்டன. விவாதம் எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. வெளிறிய முகம் கொண்ட குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே காரணத்தைக் கற்பிக்கலாகாது. பள்ளி மருத்துவ ஆய்வில் இரத்தப் பரிசோதனையும் இடம்பெறுமாயின், எவருக்கு எது தேவை என்பது விளங்கும்.

மற்றொன்று, தேநீர் பற்றியது. தேயிலை மலையின் வாழ்வாதாரம். குளிருக்கு இதமான பானம். ஆனால், தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடல் ஏற்காதவாறு தடுக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தும் குழந்தைக்கு, அவ்வுணவில் சேர்க்கப்பட்ட இரும்பின் ஒரு பகுதி பயன்படாமலே போகிறது. உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுவது நன்று. மாறாக, நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி, இரும்பை உடல் ஏற்கத் துணைபுரிகிறது. செலவில்லாத இவ்வொழுங்கும் ஒருவகைச் செறிவூட்டலே.

அளவு மிகுவதும் தவறாகும். நீரில் கரையும் வைட்டமின்களின் மிகுதி பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ, டி ஆகியவை உடலில் தங்கி நஞ்சாகக்கூடும். எனவே, வீட்டில் தரும் மாத்திரை, மருத்துவ முகாமில் தரும் திரவம், பள்ளியில் தரும் உணவு ஆகிய மூன்றையும் கணக்கில் கொண்டே சேர்க்கும் அளவை வரையறுக்க வேண்டும்.

மண்ணிலிருந்து தட்டுக்கு

இத்துணைச் செய்திகளையும் தொகுத்து, ஜெகதளா போன்றதொரு மலையூரின் பள்ளிக்கு ஏற்ற சிற்றுண்டியை எண்ணிப் பார்க்கலாம்.

தேயிலைக்கும் உருளைக்கிழங்கிற்கும் முன்பு, கேழ்வரகும் சாமையும் நீலமலை மக்களின் உணவாக இருந்தன. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 344 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசி இதற்கு அருகிலும் வராது. கேழ்வரகு மாவையும் வறுத்த நிலக்கடலையையும் வெல்லப்பாகில் பிடித்த உருண்டை, கால்சியத்தையும் புரதத்தையும் ஒருங்கே தரும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், நிலக்கடலை மாவையும் கடலைப்பருப்பு மாவையும் கலந்து, வைட்டமின்களும் கால்சியமும் சேர்த்துப் பல்பயன் உணவு ஒன்றை முன்பே உருவாக்கியது. அதே நெறியில் இவ்வுருண்டையிலும் குறையும் வைட்டமின்களைச் சேர்க்க இயலும்.

காலைச் சிற்றுண்டியான சாமை உப்புமாவில் துருவிய கேரட்டைச் செறிவூட்டிய எண்ணெயில் வதக்கிச் சேர்க்கலாம். கேரட்டின் கரோட்டினை உடல் ஏற்பதற்குக் கொழுப்பு தேவை. துருவி வதக்குவதால் அது மேலும் எளிதாகிறது. சந்தையில் வடிவம் சரியில்லை என ஒதுக்கப்படும் கேரட்டும் பீட்ரூட்டும் சத்தில் குறைந்தவை அல்ல. உழவரிடமிருந்து அவற்றைப் பள்ளிச் சமையற்கூடம் நேரடியாகப் பெறுமாயின், மலையின் விளைச்சலில் ஒரு பங்கு மலைக் குழந்தைக்கே கிட்டும். உழவருக்கும் பயன் விளையும்.

இவ்வாறு உள்ளூர் உணவால் பெரும்பகுதியை நிரப்பி, அதனால் எட்ட முடியாத அயோடின், வைட்டமின் பி12 போன்றவற்றைச் செறிவூட்டலால் நிரப்புவதே நிறைவான நெறி. ஆலையில் செய்த சத்துப்பொட்டலம் மட்டும் போதும் எனின், தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்கு நேர்ந்ததுபோல விடுமுறை வந்ததும் பழைய குறை திரும்பும். பள்ளியில் உண்ட உருண்டையின் செய்முறையைக் குழந்தை வீட்டிற்கும் எடுத்துச் செல்லுமாயின், விடுமுறையிலும் அச்சத்து தொடரும். சமைப்பவர் கற்றதைத் தாய் தந்தையர் கற்கவும், குழந்தை சுவைத்ததை வீடு சுவைக்கவும் வழி செய்வதே பள்ளிச் சிற்றுண்டியின் உயர்ந்த பயன்.

உணவைப் பற்றிய அறிவும் ஓர் உணவே. நூறாண்டுகளுக்கு முன் குன்னூரில் தொடங்கிய ஆய்வு எலிக்கூண்டிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து நாட்டின் சட்டத்திற்கும் சத்துணவுக் கூடத்திற்கும் பயணப்பட்டுள்ளது. அடுத்து அது சென்று சேரவேண்டிய இடம் ஒவ்வொரு வீட்டின் அடுப்படி. அதனைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு, சத்துணவு உண்டு வளர்ந்து இன்று மேல்நிலை வகுப்பில் பயிலும் நமக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பயன்படும் அரிசி, எண்ணெய், உப்பு ஆகியவற்றின் உறைகளைப் பார்வையிட்டு, அவற்றில் சேர்க்கப்பட்டுள்ள சத்துகளைப் பட்டியலிடுக.

2. உங்கள் ஊரில் விளையும் பொருள்களை மட்டும் கொண்டு, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான ஒரு வாரச் சிற்றுண்டி அட்டவணையை உருவாக்குக. ஒவ்வொன்றாலும் நிறைவுறும் சத்து எதுவெனக் குறிப்பிடுக.

3. "மறைபசியைப் போக்கச் செறிவூட்டிய உணவே போதும்" என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. செறிவூட்டப்பட்ட அரிசி குறித்து மக்களிடையே நிலவும் ஐயங்களைக் களையும் வகையில் துண்டறிக்கை ஒன்று எழுதுக.